எச்.ஐ.வி.க்கு நம் செல்லில் யார் துணை, யார் தடை? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எச்.ஐ.வி. எப்படிப் பரவுகிறது, எப்படித் தவிர்ப்பது என்பதைப் பலரும் பலமுறை எழுதிவிட்டார்கள். இந்தப் பக்கம் அதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றியது. வைரஸ் ஒரு வெள்ளையணுவைத் தொட்ட நொடியிலிருந்து அந்த அணுவின் எந்தப் புரதங்கள் அதற்கு உதவுகின்றன, எவை வழிமறிக்கின்றன என்பதைக் கேள்வி பதிலாகத் தந்திருக்கிறேன். உயிரியலைப் பள்ளியோடு விட்டுவிட்டவர்களும் படிக்கலாம். சில புரதங்களின் பெயர்கள் வாயில் நுழையாது. அதற்கு நான் பொறுப்பல்ல.

ஒரு வைரஸுக்கு நம் செல் எதற்காகத் தேவை?

எச்.ஐ.வி.யின் மரபுத் தகவல் முழுவதும் சுமார் 9,700 எழுத்துகள் கொண்ட ஓர் ஆர்.என்.ஏ. இழையில் அடங்கிவிடுகிறது. அதில் இருப்பவை 9 மரபணுக்கள். மனிதச் செல்லிலோ புரதம் தயாரிக்கும் மரபணுக்கள் மட்டும் ஏறத்தாழ 20,000. புரதம் கட்டும் ரைபோசோம் வைரஸிடம் இல்லை, ஆற்றல் உண்டாக்கும் வழியும் இல்லை. தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக நகலெடுக்கும் முதல் வேலையைத் தொடங்குவதற்குக்கூட, முந்தைய செல்லிலிருந்து எடுத்துவந்த ஒரு டி.ஆர்.என்.ஏ. (tRNA, புரதம் கட்ட அமினோ அமிலங்களைச் சுமந்துவரும் சிறு ஆர்.என்.ஏ.) மூலக்கூறைத்தான் அது பயன்படுத்துகிறது.

2008ஆம் ஆண்டில் மனித மரபணுக்களை ஒவ்வொன்றாக அடக்கிப் பார்த்து, எதை அடக்கினால் எச்.ஐ.வி. தடுமாறுகிறது என்று மூன்று ஆய்வுக் குழுக்கள் தேடின. அவற்றில் ஒரு குழுவின் பட்டியலிலேயே 250க்கும் மேற்பட்ட மரபணுக்கள் இருந்தன. வேடிக்கை என்னவென்றால், மூன்று பட்டியல்களுக்கும் பொதுவாக இருந்தவை மிகச் சிலவே. ஆய்வுமுறை மாறினால் பட்டியலும் மாறுகிறது. ஆகவே, ‘வைரஸ் இத்தனை புரதங்களைப் பயன்படுத்துகிறது’ என்று யாராவது துல்லியமாக ஓர் எண்ணைச் சொன்னால் நம்பிவிட வேண்டாம்.

எச்.ஐ.வி. ஏன் எல்லாச் செல்களையும் தாக்குவதில்லை?

அது நுழைவதற்கு இரண்டு மனிதப் புரதங்கள் ஒரே செல்லின் மேற்பரப்பில் இருக்க வேண்டும். முதலாவது சிடி4. இதுவே எச்.ஐ.வி.யின் ஏற்பி என்று 1984இல் தெரிந்துவிட்டது. ஆனால் மனித சிடி4ஐ எலியின் செல்லில் பொருத்தியபோது வைரஸ் ஒட்டிக்கொண்டதே தவிர உள்ளே போகவில்லை. இன்னொன்றும் தேவை என்பது புரிந்தது. அது எது என்று கண்டுபிடிக்கத்தான் 1996 வரை ஆயிற்று.

அந்த இரண்டாவது புரதம் சிசிஆர்5 அல்லது சிஎக்ஸ்சிஆர்4. அழற்சி ஏற்பட்ட இடத்துக்கு வெள்ளையணுக்களை வரவழைக்கும் வேதித் தூதுகளைப் பெறுவதே இவற்றின் அன்றாட வேலை. வைரஸின் மேற்பரப்புப் புரதம் முதலில் சிடி4ஐப் பற்றுகிறது. பற்றியதும் அதன் வடிவம் மாறி, சிசிஆர்5ஐத் தொடும் பகுதி வெளியே வருகிறது. அதையும் தொட்ட பிறகே இரண்டு சவ்வுகளும் ஒன்றோடொன்று கலக்கின்றன. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றும் வைரஸ்கள் பெரும்பாலும் சிசிஆர்5 வழியாக நுழைபவையே. சிஎக்ஸ்சிஆர்4ஐப் பயன்படுத்துபவை, நோய் முற்றிய கட்டத்தில், அதுவும் சிலரிடம் மட்டும் தோன்றுகின்றன.

கொசு கடித்தால் எச்.ஐ.வி. பரவுமா?

பரவாது. கொசுவின் செல்களில் மனித சிடி4உம் இல்லை, சிசிஆர்5உம் இல்லை. எனவே வைரஸ் அங்கே பெருக முடியாமல், குடித்த இரத்தத்தோடு சேர்ந்து செரித்துப்போகிறது. கொசு இரத்தத்தை உறிஞ்சும் குழாய் வேறு, உமிழ்நீரைச் செலுத்தும் குழாய் வேறு என்பதும் இங்கே கணக்கில் வரும். டெங்கு வைரஸ் அப்படியல்ல; அது கொசுவின் செல்களுக்குள்ளும் பெருகத் தெரிந்தது.

சிலருக்கு எச்.ஐ.வி. தொற்றவே தொற்றாது என்கிறார்களே, உண்மையா?

பெருமளவு உண்மை. சிசிஆர்5 மரபணுவில் 32 எழுத்துகள் விடுபட்டுப்போன ஒரு வடிவம் உண்டு. அதிலிருந்து உருவாகும் புரதம் குறைபட்டு, செல்லின் மேற்பரப்புக்கே வருவதில்லை. தாய், தந்தை இருவரிடமிருந்தும் இந்த வடிவத்தைப் பெற்றவர்களின் செல்களுக்குள் சிசிஆர்5ஐ நம்பியிருக்கும் வைரஸ்களால் நுழைய முடியாது. ஒரே ஒரு பிரதி பெற்றவர்களுக்குத் தொற்று வரும். ஆனால் நோய் மெதுவாக முன்னேறும். ஐரோப்பிய வம்சாவளியினரில் ஏறத்தாழ 10 பேரில் ஒருவரிடம் ஒரு பிரதியும், 100 பேரில் ஒருவரிடம் இரண்டு பிரதிகளும் இருக்கின்றன. இந்தியர்களிடம் இது மிக அரிது. ‘எனக்கு இயற்கையாகவே எதிர்ப்பு இருக்கலாம்’ என்று இங்கே யாரும் கணக்குப் போட இடமில்லை.

முழுப் பாதுகாப்பு என்றும் சொல்லிவிட முடியாது. இரண்டு பிரதிகள் உள்ளவர்களிடமும் சிஎக்ஸ்சிஆர்4 வழியாக நுழையும் வைரஸ் தொற்றிய நிகழ்வுகள், விரல்விட்டு எண்ணும் அளவில், பதிவாகியிருக்கின்றன.

அப்படியானால் அந்த மரபணுவை எல்லோரிடமும் நீக்கிவிடலாமே?

இந்த யோசனை இரண்டு திசைகளில் போயிருக்கிறது. ஒன்று நம்பிக்கை தந்தது, இன்னொன்று கண்டிக்கப்பட்டது.

அமெரிக்கரான டிமோதி ரே பிரவுன் பெர்லினில் வசித்தபோது அவருக்கு எச்.ஐ.வி.யோடு இரத்தப் புற்றுநோயும் வந்தது. புற்றுநோய்க்கு ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை தேவைப்பட்டது. மருத்துவர் கெரோ ஹூட்டர், சிசிஆர்5 குறைபாட்டின் இரண்டு பிரதிகளையும் கொண்ட ஒரு கொடையாளரைத் தேடிப் பிடித்தார். 2007இலும் 2008இலும் மாற்றுச் சிகிச்சை நடந்தது. எச்.ஐ.வி. மருந்துகளை நிறுத்திய பிறகும் வைரஸ் திரும்பவில்லை. 2020இல் அவர் இறந்தது, மீண்டும் தலைதூக்கிய புற்றுநோயால். அதன்பின் இதே வழியில் லண்டனிலும் வேறு சில நகரங்களிலும் சிலர் குணமடைந்திருக்கிறார்கள். ஆனால் ஜெனீவாவில் ஒருவருக்குக் கொடையாளரின் சிசிஆர்5 முற்றிலும் இயல்பானதாக இருந்தும், மருந்தை நிறுத்திய பின் வைரஸ் நீண்ட காலம் தலைகாட்டவில்லை. கொடையாளரின் செல்கள் நோயாளியின் பழைய செல்களைத் தேடி அழிப்பதும் இந்த வெற்றிக்குக் காரணமாக இருக்க வேண்டும் என்பது இதிலிருந்து தெரிகிறது. எப்படியும், உயிருக்கே ஆபத்தான இந்தச் சிகிச்சையைப் புற்றுநோய் இல்லாத ஒருவருக்கு எந்த மருத்துவரும் பரிந்துரைக்க மாட்டார்.

இன்னொரு திசை, சீனாவின் ஹே ஜியான்குய். 2018இல் கருவிலேயே சிசிஆர்5ஐத் திருத்தி இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்திருப்பதாக அவர் அறிவித்தார். இயற்கையில் உள்ள அந்த 32 எழுத்து இழப்பைக்கூட அவர் சரியாக உண்டாக்கவில்லை. வேறு ஏதோ மாற்றங்கள் விழுந்திருந்தன. 2019 டிசம்பரில் அவருக்கு 3 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. சிசிஆர்5 தேவையில்லாத உறுப்பும் அல்ல. அது இல்லாதவர்களுக்கு மேற்கு நைல் வைரஸ் தொற்றினால் நோய் கடுமையாகும் வாய்ப்பு கூடுதல் என்று 2006 முதலே தெரியும். எச்.ஐ.வி.யைத் தவிர்க்க எளிய வழிகள் பல இருக்கும்போது, பிறக்காத குழந்தையின் மரபணுவில் கைவைத்ததை என்னால் எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியவில்லை.

உள்ளே நுழைந்த பிறகு வைரஸ் யாரையெல்லாம் நம்பியிருக்கிறது?

எல்லாவற்றையும் சொன்னால் பக்கம் தாங்காது. முக்கியமான சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

வைரஸின் ஆர்.என்.ஏ. கேப்சிட் என்ற கூம்பு வடிவப் புரதக் கூட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது. செல்லுக்குள் நுழைந்ததும் இந்தக் கூடு உடைந்துபோகிறது என்றுதான் பாடநூல்கள் நெடுங்காலம் சொல்லிவந்தன. கூடு ஏறத்தாழ முழுதாகவே உட்கருவின் துளை வழியாக உள்ளே போகிறது என்பதை அண்மைக்கால நுண்ணோக்கிப் படங்கள் காட்டியிருக்கின்றன. துளையில் இருக்கும் என்யூபி153, உட்கருவுக்குள் இருக்கும் சிபிஎஸ்எஃப்6 ஆகிய மனிதப் புரதங்கள் கூட்டின் ஒரு பள்ளத்தில் வந்து பொருந்தி அதை இட்டுச்செல்கின்றன. இந்தப் பள்ளத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மருந்து பற்றிய கேள்வியில் மறுபடி வரும்.

பிறகு எல்இடிஜிஎஃப் என்ற புரதம், வைரஸின் டி.என்.ஏ.வை நம் குரோமோசோமில் மும்முரமாக இயங்கும் மரபணுக்களின் நடுவே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. சைக்ளின் டி1 (Cyclin T1) என்ற புரதத்தின் உதவியால் அதன் படியெடுப்பு, அதாவது டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ. நகல் எடுப்பது, வேகமெடுக்கிறது. கடைசியில் புதிய வைரஸ்கள் செல்லின் சவ்விலிருந்து மொட்டுவிட்டுப் பிரிய வேண்டும். அதற்கு டிஎஸ்ஜி101 என்ற புரதத்தை அழைக்கிறது வைரஸ். அது சேர்ந்திருக்கும் புரதக் கூட்டம்தான், ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது கடைசி இணைப்பைத் துண்டிக்கிறது. எபோலா வைரஸும் வெளியேற இதே புரதத்தைத்தான் பிடிக்கிறது. எச்.ஐ.வி.க்கும் எபோலாவுக்கும் இடையே நெருங்கிய உறவு ஏதும் இல்லாதபோதும், இரண்டும் தனித்தனியே ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

செல் இதையெல்லாம் சும்மா பார்த்துக்கொண்டிருக்குமா?

இருக்காது. தடுப்பூசி, ஆன்டிபாடி என்று நாம் பேசும் எதிர்ப்பெல்லாம் சில நாட்கள் கழித்து வருபவை. அதற்கு முன்பே ஒவ்வொரு செல்லும் தனக்குள்ளேயே சில புரதங்களை வைத்திருக்கிறது. இவற்றைத் தடுப்புக் காரணிகள் என்கிறார்கள். 1957இல் கண்டறியப்பட்ட இன்டர்ஃபெரான் என்ற அபாயத் தூது கிடைத்ததும் இவற்றில் பலவற்றின் உற்பத்தி கூடுகிறது.

இப்படி ஒன்று உண்டு என்பது முதலில் தெரிந்தது எலியில். எஃப்வி1 என்ற மரபணுவைப் பொறுத்துச் சில எலிகளுக்குப் புற்றுநோய் வைரஸ் தொற்றுகிறது, சிலவற்றுக்குத் தொற்றுவதில்லை. 1996இல் அந்த மரபணுவைப் பிரித்தெடுத்துப் பார்த்தபோது, அதுவே ஒரு பழைய வைரஸின் எச்சம் என்று தெரிந்தது. எப்போதோ எலியின் மரபணுத் தொகுதிக்குள் புகுந்து தங்கிவிட்ட ஒரு வைரஸின் துண்டு, இன்று அதன் தூரத்துச் சொந்தங்களைத் தடுத்துக்கொண்டிருக்கிறது.

குரங்குகளுக்கு எச்.ஐ.வி. ஏன் தொற்றுவதில்லை?

ரீசஸ் குரங்கின் செல்லுக்குள் எச்.ஐ.வி. தாராளமாக நுழைகிறது. நுழைந்த சிறிது நேரத்தில் அழிகிறது. காரணம் 2004இல் ஜோசப் சொட்ரோஸ்கியின் ஆய்வகத்தில் தெரியவந்தது. ட்ரிம்5ஆல்பா என்ற புரதம் கேப்சிட் கூட்டின் மேல் அறுகோண வலையாகப் படர்ந்து, உரிய காலத்துக்கு முன்பே அதைக் குலைத்துவிடுகிறது.

நம்மிடமும் ட்ரிம்5ஆல்பா இருக்கிறது. ஆனால் எச்.ஐ.வி.யின் கூட்டை அது சரியாகப் பற்றுவதில்லை. எவ்வளவு வித்தியாசம் என்று பார்த்தால் வியப்பாக இருக்கும்: மனிதப் புரதத்தின் 332ஆம் இடத்தில் இருக்கும் ஆர்ஜினின் என்ற ஒரே ஓர் அமினோ அமிலத்தை மாற்றினாலே அது எச்.ஐ.வி.யைத் தடுக்கத் தொடங்கிவிடுகிறது.

இதில் இன்னொரு கிளைக்கதை உண்டு. சைக்ளோஃபிலின் ஏ என்ற மனிதப் புரதம் எச்.ஐ.வி.யின் கூட்டோடு ஒட்டிக்கொள்கிறது என்பது 1993 முதல் தெரியும். எதற்காக என்பதில்தான் குழப்பம். 2020இல் வெளியான ஆய்வுகள் ஒரு தெளிவான விடையைத் தந்தன: சைக்ளோஃபிலின் ஒட்டியிருக்கும்வரை மனித ட்ரிம்5ஆல்பாவால் கூட்டை நெருங்க முடியவில்லை; அதை விலக்கினால் நம் ட்ரிம்5ஆல்பாவும் வேலை செய்கிறது. அதாவது, நம் புரதம் ஒன்றிடமிருந்து தப்பிக்க நம்முடைய இன்னொரு புரதத்தையே வைரஸ் போர்த்திக்கொள்கிறது. தென்னமெரிக்காவின் ஆந்தைக் குரங்கிலோ, ஒரு மரபணு விபத்தால் சைக்ளோஃபிலினின் நகல் ட்ரிம்5 மரபணுவுக்குள்ளேயே போய் விழுந்திருக்கிறது. இரண்டும் ஒட்டிய கலப்புப் புரதம் எச்.ஐ.வி.யை விடாமல் பிடித்துவிடுகிறது. வைரஸ் போர்வையாக நம்பும் புரதமே அங்கே அதைக் காட்டிக்கொடுக்கிறது.

அபோபெக்3ஜி என்றால் என்ன?

எனக்கு மிகப் பிடித்த கதை இதுதான். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

எச்.ஐ.வி.யிடம் விஃப் என்ற ஒரு சிறு மரபணு உண்டு. அதை நீக்கிய வைரஸ் சில வகைச் செல்களில் இயல்பாகவே பெருகியது. வேறு சிலவற்றில் உருவான வைரஸோ அடுத்த செல்லில் பயனற்றுப்போனது. இதற்கு இரண்டு விளக்கங்கள் சாத்தியம். முதல் வகைச் செல்லில் விஃபின் வேலையைச் செய்யும் உதவியாள் ஒருவர் இருக்கலாம். அல்லது இரண்டாவது வகைச் செல்லில் எதிரி ஒருவர் இருந்து, விஃப் அவரை அடக்குவதாக இருக்கலாம். எது சரி? இரண்டு வகைச் செல்களையும் ஒன்றாக இணைத்துப் பார்த்தார்கள். இணைந்த செல்லில் விஃப் இல்லாத வைரஸ் தோற்றது. உதவியாள்தான் உண்மை என்றால் அது வென்றிருக்க வேண்டும். ஆகவே எதிரிதான்.

அந்த எதிரியை 2002இல் ஆன் ஷீஹி, மைக்கேல் மாலிம் குழுவினர் அடையாளம் கண்டார்கள். அதுவே அபோபெக்3ஜி. உருவாகும் வைரஸுக்குள் இது ஏறிக்கொண்டு, அடுத்த செல்லுக்குச் சவாரி செய்கிறது. அங்கே வைரஸ் தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக எழுதும்போது, எழுதப்படும் இழையிலுள்ள சைட்டோசின் எழுத்துகளை யுராசிலாக மாற்றிவிடுகிறது. விளைவு, எதிர் இழையில் ‘ஜி’ வர வேண்டிய இடங்களில் எல்லாம் ‘ஏ’. டிரிப்டோபனைக் குறிக்கும் மூன்றெழுத்தில் இந்த மாற்றம் விழுந்தால் அது ‘இத்தோடு நிறுத்து’ என்ற குறியாகிறது. புரதம் பாதியில் அறுந்துவிடுகிறது. இப்படி எழுத்துப் பிழைகள் மலிந்த வைரஸால் எதுவும் செய்ய முடியாது.

விஃப் என்ன செய்கிறது? அபோபெக்3ஜியோடு நேருக்கு நேர் மோதுவதில்லை. வேண்டாத புரதங்களுக்கு அடையாளமிட்டு அழிவுக்கு அனுப்பும் ஏற்பாடு ஒன்று நம் செல்லிலேயே இருக்கிறது. விஃப் அதைக் கூட்டிவந்து அபோபெக்3ஜியின் பக்கத்தில் நிறுத்துகிறது. மீதியைச் செல்லே பார்த்துக்கொள்கிறது. இங்கும் இனத்துக்கு இனம் வித்தியாசம் உண்டு. ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் அபோபெக்3ஜியை எச்.ஐ.வி.யின் விஃபால் அடக்க முடியாது. அதற்கும் காரணம், 128ஆம் இடத்தில் இருக்கும் ஒற்றை அமினோ அமிலம்.

டெதரின் பற்றியும் அடிக்கடி படிக்கிறேன். அதன் சிறப்பு என்ன?

செல்லைவிட்டு வெளியேறும் வைரஸைச் செல்லின் சவ்வோடு சேர்த்துப் பிடித்துவைக்கும் புரதம் டெதரின். அதன் ஒரு முனை செல்லில், மறுமுனை வைரஸில். மொட்டுவிட்டு முடிந்த வைரஸ்கள் கட்டுத்தறியில் கட்டிய கன்றுகள்போல மேற்பரப்பிலேயே நிற்கின்றன. இதை 2008இல் பால் பியனியாஷின் குழு கண்டறிந்தது. எச்.ஐ.வி.யின் விபியு என்ற புரதம் டெதரினைச் சவ்விலிருந்து அகற்றிவிடுகிறது.

எய்ட்ஸ் எப்படி உலகத் தொற்றாயிற்று என்பதற்கு டெதரினில் ஒரு தடயம் இருக்கிறது. எச்.ஐ.வி.யின் இரண்டு வகைகளில் உலகெங்கும் பரவிய எச்.ஐ.வி.-1, சிம்பன்சி, கொரில்லா ஆகியவற்றின் வைரஸ்களிலிருந்து மனிதருக்குத் தனித்தனியே நான்கு முறை தாவியிருக்கிறது. அவற்றை எம், என், ஓ, பி என்று நான்கு தொகுதிகளாகப் பிரிக்கிறார்கள். சிம்பன்சியில் டெதரினை அடக்குவது விபியு அல்ல, நெஃப் என்ற வேறொரு புரதம். நெஃப் பிடித்துக்கொள்ளும் இடம், டெதரினின் வாலிலுள்ள ஐந்து அமினோ அமிலங்கள். மனித இனத்தின் பாதையில் அந்த ஐந்தும் எப்போதோ உதிர்ந்துவிட்டன. எனவே தாவிவந்த வைரஸின் நெஃப் நம் டெதரினைப் பற்ற இடமில்லாமல் திகைத்தது.

எம் தொகுதி வைரஸ் இந்த வேலையை விபியுவிடம் ஒப்படைத்துச் சமாளித்தது. விபியுவுக்கு ஏற்கெனவே சிடி4ஐ அழிக்கும் வேலை உண்டு; எம் தொகுதியில் அது இரண்டையும் செய்கிறது. என் தொகுதியின் விபியு டெதரினை எதிர்க்கக் கற்றது, ஆனால் சிடி4ஐ அழிப்பதில் கோட்டைவிட்டது. ஓ தொகுதி இதில் பொதுவாகப் பலவீனமானது. இன்று உலகில் எச்.ஐ.வி.யோடு வாழும் ஏறத்தாழ 4 கோடிப் பேரில் மிகப் பெரும்பாலானோரிடம் இருப்பது எம் தொகுதி. ஓ தொகுதி மேற்கு மத்திய ஆப்பிரிக்காவை அதிகம் தாண்டவில்லை. என், பி இரண்டும் மிகச் சிலரிடம் மட்டுமே, பெரும்பாலும் கேமரூனோடு தொடர்புள்ளவர்களிடம், காணப்பட்டன.

இதை மட்டும் வைத்து எல்லாவற்றையும் விளக்கிவிட முடியும் என்று நான் நினைக்கவில்லை. எம் தொகுதி 1920களில் கின்ஷாசா நகரில் வேரூன்றியதாகக் கணித்திருக்கிறார்கள். அன்று அது பெல்ஜியக் காலனி ஆட்சியின் கீழ், ரயில் பாதைகளோடு வேகமாக வளர்ந்த நகரம். அந்தக் கூட்டமும் போக்குவரத்தும் இல்லாமல் விபியுவின் திறமையால் மட்டும் வைரஸ் ஊர் தாண்டியிருக்காது.

இந்தியாவில் இருப்பதும் இதே எம் தொகுதிதானா?

ஆம். அதில் சி என்ற உள்வகைதான் இங்கே பெரும்பான்மை, தென்னாப்பிரிக்காவிலும் இதுவே. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில். சென்னை மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் செல்லப்பன் நிர்மலா என்ற மாணவி சேகரித்த இரத்த மாதிரிகளில் அது தெரிந்தது. சி உள்வகை பெரும்பாலும் சிசிஆர்5 வழியாகவே நுழைகிறது.

எச்.ஐ.வி.-2 ஏன் அவ்வளவு கொடியதல்ல?

இது இன்னும் தீராத புதிர், சுவையானதும்கூட. எச்.ஐ.வி.-2 மேற்கு ஆப்பிரிக்காவின் சூட்டி மாங்கபே குரங்கிலிருந்து வந்தது. அதனிடம் விபிஎக்ஸ் என்ற கூடுதல் ஆயுதம் இருக்கிறது. எச்.ஐ.வி.-1இடம் அது இல்லை.

விபிஎக்ஸ் அழிப்பது எதை என்று 2011இல் தெரிந்தது: சாம்ஹெச்டி1. வைரஸ் டி.என்.ஏ. எழுதுவதற்குத் தேவையான மூலப்பொருள்களையே சிதைத்து, செல்லில் தட்டுப்பாட்டை உண்டாக்கும் நொதி இது. பிரியாத செல்களில் இது மும்முரமாக இயங்குகிறது. ஆக, எச்.ஐ.வி.-2க்கு டென்ட்ரைட்டிக் செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்களின் கதவும் திறந்திருக்கிறது, எச்.ஐ.வி.-1க்குத் திறப்பதில்லை. அப்படியும் எச்.ஐ.வி.-2 தொற்றியவர்களில் பலர் நெடுங்காலம் நோயின்றி வாழ்கிறார்கள்.

ஒரு விளக்கம் இப்படிப் போகிறது: டென்ட்ரைட்டிக் செல்தான் நோயெதிர்ப்பு மண்டலத்துக்குத் தகவல் சொல்லும் செல். அதற்குள் நுழைந்து பெருகினால் வைரஸ் தன்னையே காட்டிக்கொடுத்துக்கொள்கிறது. எச்.ஐ.வி.-1 அங்கே தோற்பதால் கண்ணில் படாமல் தப்புகிறது. கருதுகோள்தான், நிரூபணம் அல்ல. ஆனால் ஆயுதம் கூடினால் ஆபத்தும் கூடும் என்ற எளிய கணக்கு இங்கே செல்லுபடியாகவில்லை என்பது மட்டும் உறுதி.

இத்தனை தடைகள் இருந்தும் மனிதச் செல் ஏன் தோற்கிறது?

நம் தடுப்புப் புரதங்கள் வேறு வைரஸ்களோடு மோதி உருவானவை என்பதால். வைரஸைப் பற்றும் இடங்களில் இந்த மரபணுக்கள் மற்றப் பகுதிகளைவிட மிக வேகமாக மாறிவந்திருக்கின்றன. குரங்கினங்களின் மரபணுக்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் அந்தத் தழும்புகள் தெரியும். எச்.ஐ.வி. மனிதரிடம் வந்து ஒரு நூற்றாண்டு சொச்சம்தான் ஆகிறது. அந்தத் தழும்புகளோ பல லட்சம் ஆண்டுகள் பழையவை. நம் ட்ரிம்5ஆல்பா எலிகளின் ஒரு வகை வைரஸை இன்றும் நன்றாகத் தடுக்கிறது. எச்.ஐ.வி.யிடம் அது தடுமாறுவது, அது சோம்பேறி என்பதால் அல்ல.

எலிகளை வைத்து ஆராய முடியாதா?

நேரடியாக முடியாது. எலியின் சிடி4ஐ எச்.ஐ.வி. பற்றாது. மனித சிடி4, சிசிஆர்5 இரண்டையும் கொடுத்து உள்ளே அனுப்பினாலும், எலியின் சைக்ளின் டி1இல் ஓர் அமினோ அமிலம் மாறியிருப்பதால் படியெடுப்பு நொண்டுகிறது. அதனால் மனித இரத்த ஸ்டெம் செல்கள் பொருத்திய எலிகளைப் பயன்படுத்துகிறார்கள்.

இவ்வளவு ஆராய்ச்சியிலிருந்து மருந்து ஏதாவது வந்ததா?

வந்தது. 2007இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மாராவிராக், சிசிஆர்5ஐ மறைக்கும் மாத்திரை. வைரஸை விட்டு மனிதப் புரதத்தைக் குறிவைத்த முதல் எச்.ஐ.வி. மாத்திரை அது. ஆனால் பெரிய வரவேற்பு கிடைக்கவில்லை. நோயாளியின் வைரஸ் சிசிஆர்5ஐத்தான் பயன்படுத்துகிறதா என்று முதலில் சோதிக்க வேண்டும். சிஎக்ஸ்சிஆர்4 வகை கலந்திருந்தால் பயனில்லை.

லெனாகபாவிர் கதை வேறு. மேலே சொன்ன கேப்சிட் பள்ளம் நினைவிருக்கிறதா? என்யூபி153, சிபிஎஸ்எஃப்6 பொருந்தும் அதே இடத்தில் இந்த மருந்து போய் உட்கார்ந்துவிடுகிறது. கூட்டின் அமைப்பும் பயணமும் இரண்டுமே கெடுகின்றன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊசி போட்டால் போதும். தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் இளம்பெண்களிடம் நடந்த சோதனையின் முடிவு 2024இல் வந்தது: இந்த ஊசி பெற்ற 2,134 பேரில் ஒருவருக்குக்கூட எச்.ஐ.வி. தொற்றவில்லை. தொற்றைத் தடுக்க இதைப் பயன்படுத்த அமெரிக்கா 2025 ஜூனில் அனுமதித்தது. மனிதப் புரதம் எங்கே தொடுகிறது என்று தேடிய அடிப்படை ஆய்வுகள் இல்லாமல் இந்தப் பள்ளத்தின் மதிப்பு யாருக்கும் தெரிந்திருக்காது.

விஃபை முடக்கி அபோபெக்3ஜியை விடுவிக்கும் மருந்துக்கான முயற்சிகளும் நடந்தன. அவை ஆய்வகத்தைத் தாண்டி மருந்துக்கடைக்கு வரவில்லை.

உணவாலோ மூலிகையாலோ இந்தத் தடுப்புப் புரதங்களைக் கூட்ட முடியுமா?

முடியும் என்பதற்கு ஆதாரம் இல்லை. இவற்றின் அளவைக் கூட்டுவது இன்டர்ஃபெரான். அது தொடர்ந்து உயர்ந்திருந்தால் காய்ச்சல், சோர்வு, அழற்சி என்று உடலே கெடும். மேலும் விஃப், விபியு இரண்டும் இந்தப் புரதங்களை அழிப்பதற்கென்றே இருப்பவை. ‘எதிர்ப்புச் சக்தியைக் கூட்டி எச்.ஐ.வி.யை விரட்டுகிறோம்’ என்று விளம்பரம் செய்பவர்களிடம் பணத்தையும் காலத்தையும் இழந்தவர்கள் நம்மிடையே நிறைய. எச்.ஐ.வி.யைக் கட்டுக்குள் வைக்கும் ஏ.ஆர்.டி. மருந்து அரசு மையங்களில் இலவசமாகக் கிடைக்கிறது.

மற்ற வைரஸ்களுக்கும் இதே கதைதானா?

கதை ஒன்று, பாத்திரங்கள் வேறு. கொரோனா வைரஸுக்கு ஏசிஇ2, போலியோவுக்கு சிடி155. நிபா வைரஸ் பற்றும் எஃப்ரின்-பி2 பாலூட்டிகளிடையே அதிகம் மாறாத புரதம். அதனால்தான் வௌவால், பன்றி, மனிதர் என்று அது எளிதாகத் தாண்டுகிறது. தடுக்கும் பக்கத்தில் ஐஎஃப்ஐடிஎம்3 என்ற புரதம் இன்ஃப்ளூயன்ஸா, டெங்கு இரண்டையும் மறிக்கிறது.

மருந்து சாப்பிட்டும் எச்.ஐ.வி. ஏன் முழுதாகப் போவதில்லை? வழி ஏதும் உண்டா?

சில வெள்ளையணுக்களின் குரோமோசோமில் வைரஸின் டி.என்.ஏ. எழுதப்பட்டு, படியெடுக்கப்படாமல் தூங்குகிறது. மருந்துகள் எல்லாம் இயங்கும் வைரஸைத் தடுப்பவை, தூங்குவதைத் தொடுவதில்லை. மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களில் அது எழுந்துவிடுகிறது.

எழுப்பி அழிப்பது என்று ஒரு திட்டம் பல ஆண்டுகளாக இருக்கிறது. எழுப்புவதைவிட அழிப்பதே கடினமாக இருந்தது. 2021இல் இதற்கு ஒரு புதிய வழி தென்பட்டது. கார்ட்8 என்ற புரதம் நம் செல்லில் காவலிருக்கிறது, எச்.ஐ.வி.யின் புரோட்டியேஸ் நொதி அதை வெட்டினால், உடனே அந்தச் செல் தன்னையே அழித்துக்கொள்கிறது. வழக்கமாக வைரஸ் தப்பிப்பது, வெளியேறும்வரை புரோட்டியேஸை விழிக்கவிடாமல் வைத்திருப்பதால். ஆனால் எஃபாவிரென்ஸ் போன்ற சில மருந்துகள் செல்லுக்குள் இருக்கும்போதே அந்த நொதியை இயங்கவைத்துவிடுகின்றன, கார்ட்8 விழித்துக்கொள்கிறது. எஃபாவிரென்ஸ் புதிய மருந்தல்ல. டோலுடெக்ராவிர் என்ற மருந்து வருவதற்கு முன் இந்தியாவின் ஏ.ஆர்.டி. மையங்களில் வழக்கமாகத் தரப்பட்ட மாத்திரையில் இருந்ததுதான். இரத்தத்தில் அதன் பெரும்பகுதி அங்குள்ள புரதங்களோடு ஒட்டிக்கொள்வதால், இந்த வேலைக்குப் போதுமான அளவு செல்லுக்குள் சேர்வதில்லை. அந்தக் குறையில்லாத, கார்ட்8ஐ எழுப்புவதற்கென்றே வடிவமைத்த மூலக்கூறுகளை இப்போது ஆய்வகங்கள் தேடிக்கொண்டிருக்கின்றன.